என்னிடம் உனக்கு இருப்பது

கால்வே, அயர்லாந்து
21 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சசிதர் எழுதுகிறேன். மழையையும் என் சமையலையும் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்களும் மச்சானும் சுகந்தானே?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பீர்கள். வேறு என்ன செய்வது? வெள்ளகோவிலுக்குப் போன் போட்டால் அம்மா உடனே ஸ்பீக்கரை அமுக்கிவிடுகிறார். நான் இருமினால் தறிக்குடோன் வரைக்கும் கேட்கிறது. உங்களைக் கூப்பிட்டால், "வெளீல இருக்கறேன் கண்ணு, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அந்த அப்புறம் இன்னும் வந்தபாடில்லை. எழுதுவதானால் உங்கள் தோழி புவனா அக்காவின் மேட்டுப்பாளையம் முகவரிக்கு எழுது என்றீர்கள். எழுதிவிட்டேன்.

விஷயம் இதுதான். ஒரு பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது, அவளுக்கும் என்னை. பெயர் நீவ். கால்வேக்கு மேற்கே கடலோரத்தில் அவள் ஊர். அவர்கள் வீட்டில் ஐரிஷ் மொழிதான் பேச்சு. ஆங்கிலம் கடைக்கும் ஆபீசுக்கும். பள்ளிக்கூட டீச்சர். சாயங்காலம் நூலகத்தில் பெரியவர்களுக்கு ஐரிஷ் சொல்லித் தருகிறாள். கம்பெனியில் பகல் முழுக்க மிஷினோடு கிடக்கிறோமே, பேச்சுத்துணையாவது ஆகட்டும் என்று போய்ச் சேர்ந்தேன். இப்போது பேச்சுக்குப் பஞ்சமே இல்லை.

போன வாரம் அவள், 'உன்னைக் காதலிக்கிறேன்' என்பதை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். அது புத்தகத்தில் இருப்பது, உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள் என்றாள். யோசித்துப் பார்த்தேன். நம் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லி நான் கேட்டதே இல்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

அப்பாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும். நான் ஆரம்பித்தால் அங்கே மழை உண்டா என்று கேட்டுப் பேச்சை முடித்துவிடுவார்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்
சசி


மேட்டுப்பாளையம்
18 பிப்ரவரி 2024

சசிக் கண்ணுக்கு,

அக்கா லோகப்பிரியாவின் ஆசிகள். நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அம்மாவுக்கு வாய்தான் கட்டுக்குள் இல்லை.

புவனாவின் பாக்கு மண்டியில் ஒத்தாசைக்கு அவ்வப்போது வந்து போகிறேன். அதனால்தான் இந்த முகவரி. இங்கேயே தொடர்ந்து எழுது, கடிதம் பத்திரமாக என் கைக்கு வரும்.

கள்ளப்பயலே, மொழி படிக்கப் போன இடத்தில் டீச்சரையே பிடித்துவிட்டாயா? எனக்குச் சந்தோஷம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். 'சாப்ட்டியா' என்பதுதான் நம் ஊரில் காதல் சொல்லும் வார்த்தை என்று வாட்ஸ்அப்பில் எல்லாரும் அனுப்புகிறார்கள். அதெல்லாம் சும்மா. அப்பா மாட்டைத் தவிர யாரையும் அப்படிக் கேட்டதில்லை. அம்மாவை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. 'இங்க பாரு' என்பார், அம்மா வந்து நிற்பார். அவ்வளவுதான் அவர்கள் குடித்தனம். உன் நீவிடம் சொல், எங்கள் வீட்டில் அந்த வார்த்தை கிடையாது, அதனால் குடும்பம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று.

வார்த்தை சொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். சொல்வது ஒன்றும் பெரிய காரியமில்லை, சசி.

அப்பாவிடம் நான் பேசுகிறேன். அதை என்னிடம் விட்டுவிடு. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அக்கா


கால்வே
24 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை நீவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். மாடு வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்பாவும் அப்படித்தானாம். அவர் தன் மனைவியிடம் அந்த வார்த்தையைச் சொன்னால் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியதுதான் என்கிறாள்.

அவர்கள் மொழியில் 'காதலிக்கிறேன்' என்று ஒரு வேலையைச் செய்வதுபோலச் சொல்லும் வழக்கம் இல்லை. 'தா க்ரா அகம் தித்' என்பார்கள். என்னிடம் உனக்கு அன்பு இருக்கிறது என்று அர்த்தம். பக்கத்து ஸ்காட்லாந்து கேலிக்கில், என்னிடம் உன்மேல் இருக்கிறது என்பார்களாம். வேல்ஸ்காரர்கள் மட்டும் தாராளம். அங்கே கடைக்காரம்மாகூட நம்மைக் 'காரியாத்' என்று, அதாவது அன்பே என்று, கூப்பிட்டுத்தான் மீதிச் சில்லறை தருவாராம். நீவின் அம்மா எனக்கு டீ கொடுக்கும்போது 'அ ஸ்தோர்' என்கிறார், என் புதையலே என்று. எனக்குக் காது சிவந்துவிடுகிறது.

கல்யாணத்துக்குக் கேட்பதற்கு அந்த ஊரில் ஒரு பழைய வழி உண்டு. 'என் சனங்களோடு உன்னைப் புதைக்கச் சம்மதமா?' என்பார்களாம். இப்போது விளையாட்டுக்குத்தான் சொல்கிறார்கள். கடற்கரையில் அவள் குடும்பத்துக் கல்லறைகளைக் காட்டிவிட்டு என்னை அப்படித்தான் கேட்டாள். நான் பயந்தே போனேன். அப்புறம் சம்மதம் என்றேன்.

பதிலுக்கு நம் வழக்கம் ஒன்றைச் சொல்லச் சொன்னாள். இணைச்சீரைச் சொன்னேன். தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையோடு அவன் அக்காவோ தங்கையோ நிற்க வேண்டும். கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை பேழை என்கிற மூங்கில் கூடையில் வைத்து அவள் தலையில். அது இல்லாமல் எங்கள் ஊரில் கல்யாணமே இல்லை என்றேன். நீவ் அதை மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னாள். அப்புறம், மற்றது எது இல்லாவிட்டாலும் எனக்கு இது வேண்டும், உன் அக்கா நிற்பதை நான் பார்க்க வேண்டும் என்றாள்.

எனக்கும் அதே ஆசைதான். தயாராக இருங்கள் அக்கா.

சசி


மேட்டுப்பாளையம்
28 ஏப்ரல் 2024

சசிக்கு,

இங்கே வெயில் கொளுத்துகிறது. ஊட்டிக்குப் போகிற கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மற்றபடி எல்லாரும் சௌக்கியம்.

செத்த பிறகு எங்கே படுப்பது என்பதை முதலிலேயே பேசி முடித்துவிடுகிறார்களா? நல்ல முன்யோசனைக்காரர்கள்தான்.

வெள்ளகோவில் போய் அப்பாவிடம் சொன்னேன். நீண்ட நேரம் தென்னையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதல் கேள்வி, "எந்தக் கூட்டம்?"

அயர்லாந்துக்காரிக்குக் கூட்டம் ஏதுங்கப்பா என்றேன். இன்னும் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நம்ம கூட்டமில்ல. பங்காளி மொறை வராது. செரி" என்றார். ஒரே கூட்டத்தில், ஒரே குலத்தில் பெண் எடுத்துவிடக் கூடாது என்பதுதான் அவருக்குக் கவலை. கடல் தாண்டி வருவதைப் பற்றி ஒன்றும் இல்லை. அவர்கள் ஆடு வளர்க்கிறார்கள் என்றதும் செம்மறியா வெள்ளாடா என்று கேட்டார். காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி போடாமல் கல்லை அடுக்கி வைத்திருக்கும், நீ போனில் அனுப்பிய போட்டோவைக் காட்டினேன். பாடுபடுகிற சனம்தான் போல என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனார். நீ ஜெயித்துவிட்டாய்.

அம்மா ஒரு வேளை சாப்பிடாமல் அழுதார். அடுத்த வேளை, அந்தப் பெண் என்ன உயரம், கூறைச்சேலை எட்டுமா என்று கேட்டார். தை மாதத்தில் தேதி பார்க்கிறார்கள்.

இணைச்சீருக்குப் பெரியப்பா மகள் இனியா நிற்பாள். அவளும் உனக்கு அக்கா முறைதானே? நல்ல ராசிக்காரி. நீ இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


கால்வே
2 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஆனால் சந்தோஷமான செய்தியோடு ஒரு கல்லையும் சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள்.

இனியா அக்கா நல்லவர்தான். அவருக்குத் தம்பி இருக்கிறான், அவனுக்கு நிற்கட்டும். கூடப் பிறந்தவர் இருக்கும்போது எனக்கு எதற்கு இன்னொருவர்? நான் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம்பிடித்தபோது அடித்து இழுத்துப் போனது இனியா அக்காவா? உங்களுக்கு உடம்பு சரியில்லையா? நீவைப் பிடிக்கவில்லையா? எதுவானாலும் நேராகச் சொல்லுங்கள்.

மச்சானுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். 'லவ் யூ மாப்ள' என்று பதிலும் மூன்று இதயமும் வந்தது. உங்களைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

சசி


கால்வே
14 ஜூலை 2024

அக்கா,

இதுவரைக்கும் உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. வீட்டுக்குப் போன் செய்தேன். ஸ்பீக்கரில் அம்மா, அப்பா, அத்தை சாமியாத்தாள் மூன்று பேரும் ஒரே மூச்சில் 'அக்கா நல்லா இருக்கறா' என்றார்கள். மூன்று பேரும் ஒன்றைச் சேர்ந்து சொன்னால் அது பொய் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

உங்கள் கடிதங்களை மறுபடி நீவுக்குப் படித்துக் காட்டினேன். எல்லாரும் வருகிறார்கள், உன் அக்காவின் கணவர் மட்டும் ஒரு வரியில்கூட வரவில்லையே என்றாள். எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. கீழே அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

'அன்புள்ள லோகப்பிரியா, என்னை உங்களுக்குத் தெரியாது. எங்கள் ஊரிலும் கெட்ட செய்தியைச் சொல்லாமல் டீ போடப் போய்விடுவார்கள். நீங்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் டீ போடுங்கள். நாங்கள் காத்திருக்கிறோம். நீவ்.'

சசி


மேட்டுப்பாளையம்
18 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பிக்கும் நீவுக்கும்,

டீ போட்டாகிவிட்டது. இனி மறைத்து எழுத எனக்குப் பொறுமை இல்லை.

போன வருடம் ஆடி முடிந்ததும் ஈரோட்டு வீட்டை விட்டு வந்துவிட்டேன். இங்கே புவனாவின் மாடியில் குடியிருக்கிறேன். ஒத்தாசைக்கு வரவில்லை, மண்டியே இப்போது என் பொறுப்பில்தான் நடக்கிறது. உன் மச்சானுக்குப் பெருந்துறையில் இன்னொரு குடும்பம் இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து தினமும் காலையில் 'ஐ லவ் யூ' என்று போனில் அனுப்புகிறவர் அவர். மஞ்சள் மார்க்கெட்டில் இருந்தாலும் அனுப்புவார். ஒரு நாள் அதே செய்தி வேறொருத்தியின் பெயரோடு எனக்கு வந்துவிட்டது. கேட்டேன். மறுக்கக்கூட இல்லை, அவளிடமும் அன்பு இருக்கிறது என்றார். நீவின் மொழியில் சொன்னால், அவரிடம் யாருக்கும் எதுவும் இருக்கவில்லை. வார்த்தை மட்டும் இருந்தது.

தம்பி தனியாக வெளிநாட்டில் இருக்கிறான், சொல்லாதே என்றார் அம்மா. பிறகு உன் கல்யாணப் பேச்சு வந்தது, அது முடியட்டும் என்றார். இணைச்சீருக்குக் கட்டுக்கழுத்தியாக, புருஷனோடு வாழ்கிறவளாக இருக்க வேண்டுமாம். "வாழாவெட்டி நின்னா புதுப்பொண்ணுக்கு ஆகாது" என்று அத்தை என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அப்பா ஒன்றும் பேசவில்லை. நானும் சரி என்றேன். இந்த மாடியில் நிம்மதியாகத் தூங்குகிறேன், மண்டியில் என் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது, எனக்கு எதற்கு வம்பு என்று நினைத்தேன்.

ஆனால் இப்போது எழுதும்போது கோபம் கோபமாக வருகிறது. உன் பக்கத்தில் நிற்க எனக்கு ஆசை, சசி. நீ பிறந்த நாளிலிருந்து அது என் இடம். அதைத்தான் இரண்டு மாதமாக எழுத முடியாமல் இருந்தேன்.

அக்கா


கால்வே
8 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே வீட்டுக்குப் போன் போட்டேன். வழக்கம்போல ஸ்பீக்கர். வாழ்க்கையில் முதல் தடவையாக அது எனக்கு உதவியது. அம்மா, அப்பா, அத்தை, மதியச் சோற்றுக்கு வந்த தறிக்காரர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "இணைச்சீருக்கு எங்கக்கா நிக்கோணும். இல்லீன்னா நான் மணவறைக்கு வரலீங்க." அப்புறம் அம்மா போனை வைத்துவிட்டார்.

நீவும் ஒன்று சொல்லச் சொன்னாள். உங்களால் ஆகாமல் போகிற புதுப்பெண் தான் இல்லையாம். கடல் காற்றிலேயே வளர்ந்தவளாம்.

'தா க்ரா அகம் தித்' என்பதைக் காதலிக்கு மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று இல்லையாம். பிள்ளைக்குச் சொல்லலாம், கூடப் பிறந்தவளுக்கும் சொல்லலாம். தமிழில் சொல்ல வெட்கமாக இருப்பதால் அதிலேயே உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், அக்கா. இதை எழுதி முடிக்கும்போது அழுதேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

சசி


மேட்டுப்பாளையம்
20 அக்டோபர் 2024

சசிக் கண்ணுக்கு,

மழை நல்லபடி. நானும் நல்லபடி. உன் கடிதத்தை மண்டியில் வைத்துப் படித்தேன். பாக்குத் தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

முன்தகவல் இல்லாமல் அப்பா வந்தார். வெள்ளகோவிலில் இருந்து மூன்று பஸ் மாறி. மண்டியைச் சுற்றி வந்து, ஒரு பாக்கை நசுக்கிப் பார்த்து, காய்ச்சல் போதாது, இன்னும் காய வேண்டும் என்றார். போதும் என்று நான் வாதாடினேன். அதில் அவருக்கு ஒரு திருப்தி. அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"சாமியாத்தா ஊரு பூரா சொல்லிட்டுத் திரியறா. எல்லாரும் எங்கிட்டக் கேக்கறாங்க, உம்பட மக புருசன உட்டுப்போட்டு வந்துட்டாளாமான்னு. ஆமா, வந்துட்டா, நல்லா இருக்கறான்னு சொல்லிப்போட்டேன். நீதான் நிக்கற, அம்மணி."

எனக்கு அவ்வளவு சந்தோஷம். அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டேன். அன்று ஒரு நாளைக்கு மட்டுமாவது கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வரச் சொன்னாராம். மண்டபத்தில் பாதிப் பேர் வெளியூர், விஷயம் தெரியாது, அப்படியே போய்விடுமாம்.

மாட்டேன் என்றேன். கழற்றியதை நாடகத்துக்காகக் கட்ட மாட்டேன். வெறும் கழுத்தோடு நிற்கலாம் என்றால் வருகிறேன், இல்லாவிட்டால் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறேன் என்றேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "எப்படி இருக்கறயோ அப்படியே வா" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

அம்மா அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. போனை எடுத்ததும் அப்பாவிடம் கொடுத்துவிடுகிறார். உனக்கும் நீவுக்கும் இந்த ஏற்பாடு சம்மதமா என்று எழுது.

அக்கா


கால்வே
1 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சம்மதமா என்று கேட்கவே வேண்டாம். விசா வந்துவிட்டது. நீவின் அப்பா அம்மாவும் வருகிறார்கள். அவள் அப்பா தினமும் 'வாங்க, உக்காருங்க' என்று சொல்லிப் பழகுகிறார். நம் வீட்டுக்கு வந்து நம்மையே வரவேற்கப் போகிறார்.

அம்மாவிடம் நான் எதுவும் பேசவில்லை. பேசிப் பார்க்கட்டுமா?

சசி

(பின்குறிப்பு: நீங்கள் வேண்டாம் என்றுதான் எழுதுவீர்கள். அதனால் பேசப் போவதில்லை.)


மேட்டுப்பாளையம்
9 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கும் நீவுக்கும்,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக அப்பா சொன்னார். நீவுக்கு வெயிலில் உரிந்த மூக்கு சரியாகிவிட்டதா? பஸ் ஏறும் முன்னால் அவள் என்னைக் கட்டிப்பிடித்து அவர்கள் மொழியில் அதைச் சொன்னாளே, பதிலுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் "செரிங்" என்றுவிட்டேன். என்னிடமும் அவளுக்கு நிறைய இருக்கிறது என்று நீயாவது சொல்லிவிடு.

மணவறையில் உன்னை முன்னால் பார்க்கச் சொல்லி நிறுத்தியிருந்தார்கள். உனக்குச் சற்றுப் பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

சேலை முனையை உன் கையில் கொடுத்தாகிவிட்டது. பேழையைத் தூக்கி என் தலையில் வைக்க ஒரு கட்டுக்கழுத்தி வேண்டும். சாமியாத்தாள் அத்தைதான் வைப்பதாக ஏற்பாடு. அவர் கிட்டே வந்தார், என் கழுத்தைப் பார்த்தார், கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். சீர் செய்து வைக்கிற அருமைக்காரர், யாராவது வாங்க என்றார். முன்வரிசையில் இருந்த ஒறம்பரை, சொந்தக்காரப் பெண்கள் எல்லாருக்கும் திடீரென்று பிள்ளைகளின் தலையைச் சரிசெய்கிற வேலை வந்துவிட்டது. நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டே இருந்தார். நீவின் அம்மா மட்டும், ஏதோ கனமானதைத் தூக்க ஆள் தேவைப்படுகிறது என்று புரிந்துகொண்டு, பாவம், செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்தார்.

நான் இதற்கெல்லாம் தயாராகத்தான் வந்திருந்தேன். யாரும் வராவிட்டால் நானே தூக்கி வைத்துக்கொள்வது என்று குனிந்தேன்.

அப்போது பேழையை இன்னொரு கை பிடித்தது. அம்மா. அத்தனை மாதமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர். கழுத்தில் கயிறு கட்டாமல் மண்டபத்துக்குள் வராதே என்று முதல் நாள்கூட ஆள் மூலம் சொல்லி அனுப்பியவர். கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்திருந்தார், மூச்சு வாங்கியது. பேழையைத் தூக்கி என் தலையில் வைத்தார்.

"நேரா நில்லு, அம்மணி. குனியாத."

சத்தமாகத்தான் சொன்னார். அத்தைக்குக் கேட்டிருக்கும். எனக்குத் தெரிந்து, மாமியாருக்குக் குனி, புருஷனுக்குக் குனி, பேசும்போது தலையைக் குனி என்றுதான் அம்மா என்னை வளர்த்தார்.

நான் நேராக நின்றேன். சுற்றி இருந்தவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். சீர் முடிகிற வரைக்கும் அம்மா நகரவில்லை. கல்யாண ஆல்பம் நேற்று வந்தது, உனக்கும் அனுப்புகிறேன். இணைச்சீர் படத்தில் அம்மாவின் முகம் தெரியாது, தூண் மறைத்துவிட்டது. பேழையின் அடியில் பார். மூன்று கை இருக்கும், என்னுடையது இரண்டுதான்.

அக்கா
லோகப்பிரியா